பின்னல் நீளத்தைக் காக்கும், இறுக்கம் வேரைக் கெடுக்கும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தண்ணீர் வரி, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு சகோதரி எழுந்து கேட்டார். "முடியைப் பின்னிப் போட்டா கெடாது, நீளமா வளரும்னு எங்க ஆயா சொல்லும். என் பொண்ணுக்கு அஞ்சாவதுலருந்து தினமும் ரெட்டை ஜடை போட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்பறேன். முடி நீளமாத்தான் இருக்குது. ஆனா காதோரம் ரெண்டு பக்கமும் நெத்தி ஏறிக்கிட்டே போவுது. உப்புக் காத்து காரணமா, ஜடை காரணமா?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு பெண் குழந்தைக்கு நெற்றியோரத்தில் போகிற முடி சில சமயம் திரும்பி வராமலே போய்விடும். ஆகவே அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று செயலாளர் என்னிடம் சொன்னார்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே தோல் மருத்துவர்கள் எழுதியதைப் படித்து, எனக்குப் பழகிய முறையில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று போட்டுப் பார்த்தேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னல் முடியின் நீளத்தைக் காப்பாற்றும். இறுக்கமான பின்னல் வேரைக் கெடுக்கும். ஈரத்தோடு போட்ட பின்னல் இரண்டையும் கெடுக்கும். இனிச் சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றுக்கும் விளக்கம்தான்.

முடியின் வயது

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. வருடத்துக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு வரை 72 சென்டிமீட்டர் முடி இருக்கும் பெண்ணுக்கு, வேரில் இருக்கும் முடி நேற்று வந்தது. நுனியில் இருக்கும் முடி 6 வருடத்துக்கு முன்னால் வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் சடை நுனி, அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தலையிலிருந்து வெளியே வந்தது.

வாரம் இரண்டு தடவை தலைக்குக் குளித்தால், அந்த நுனி இதுவரை 600 தடவைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கிறது. சீப்பு எத்தனை ஆயிரம் தடவை அதன் வழியாகப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே புடவையை 6 வருடம் துவைத்துக் கட்டினால் என்ன ஆகும்? அதுதான் நுனிக்கும் ஆகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு மேலே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. கையில் கீறினால் தோல் தானே மூடிக்கொள்ளும். முடி உடைந்தால் அதைச் சரிசெய்ய உள்ளே யாரும் இல்லை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், மயிர்க்காலில் மட்டும்தான்.

"என் பொண்ணுக்கு முடி வளரவே மாட்டேங்குது" என்று பல தாய்மார் சொல்வதைக் கேட்கிறோம். பெரும்பாலும் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. டை அடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடித்து ஒரு மாதம் ஆனால் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது அல்லவா? அந்த ஒரு சென்டிமீட்டர்தான் வரவு. நுனியில் மாதம் ஒரு சென்டிமீட்டர் உடைந்துகொண்டே இருந்தால் அது செலவு. வரவும் செலவும் சமமாக இருக்கும் கணக்கில் மீதி எப்படிக் கூடும்?

பின்னல் வரவைக் கூட்டாது. முடி எவ்வளவு காலம் வளரும், எப்போது உதிரும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கிறது. ஒரு முடி ஏறக்குறைய 2 முதல் 6 வருடம் வளர்ந்துவிட்டு, ஓய்ந்து, உதிர்கிறது. சிலருக்கு இதைவிடக் கூடுதல் காலமும் வளரும். பின்னல் செய்வதெல்லாம் செலவைக் குறைப்பதுதான். ஆயா சொன்னது அந்த அளவில் முழுக்க உண்மை.

கடற்கரையில் முடிக்கு நேர்வது

மீன் அலசுகிற நம் சகோதரிகளுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் கையைக் கீறும். முடியின் மேலும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்துப் படிந்திருக்கின்றன. செதில் படிந்திருக்கும் வரை முடி மினுமினுப்பாக, சிக்கு விழாமல் இருக்கும். செதில் தூக்கிக்கொண்டால் ஒரு முடி இன்னொரு முடியில் மாட்டிச் சிக்கு விழும். சிக்கை இழுத்தால் உடையும். செதில் போன இடத்தில்தான் நுனி இரண்டாக வெடிக்கிறது.

பழவேற்காட்டில் செதிலைக் கெடுக்கும் காரணங்கள் நான்கும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

முதலாவது காற்று. கரையில் நின்றாலே விரித்த முடி முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரம் அப்படிப் பறந்தால், முடியோடு முடி உரசிச் சிக்காகிவிடும்.

இரண்டாவது உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் ஏரியில் இது பருவத்துக்கு ஏற்ப மாறும். ஆரணியாறும் காளங்கியாறும் வெள்ளம் கொண்டுவரும் மழைக்காலத்தில் உப்பு வெகுவாக இறங்கும். முகத்துவாரம் தூர்ந்த கோடையில் கடலையே மிஞ்சும். அந்தத் தண்ணீர் முடியில் பட்டுக் காய்ந்தால் உப்பு பொரிந்து நிற்கிறது. அதன் மேல் சீப்பை ஓட்டுவது மணல் ஒட்டிய துணியைக் கசக்குவது போல.

மூன்றாவது வெயில். நைலான் வலையை வெயிலிலேயே போட்டு வைத்தால் நாளாவட்டத்தில் நூல் இற்றுப்போகும். அதனால்தான் வலையை மூடி வைக்கிறார்கள். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் முடியின் புரதத்தையும் கருநிறத்தையும் அதே போலச் சிதைக்கிறது. கரையோரப் பிள்ளைகளின் நுனிமுடி பழுப்பாக, வைக்கோல் போல இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நான்காவது ஈரம். நனைந்த முடி ஊதிப் பருத்து, செதில் விரிந்து, இழுத்தால் கூடுதலாக நீண்டு, சீக்கிரம் அறுந்துவிடும். பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள உப்பங்கழிகளில் இருளர் சமூகப் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மணிக்கணக்கில் உப்புநீரிலும் வெயிலிலும் இருக்கும் அவர்களுக்கு இந்த நான்கும் ஒரே நாளில் நடக்கிறது.

மீன் விற்கும் அக்காமார்களுக்கு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, சும்மாடு. அன்னக்கூடையின் பாரமும் சும்மாட்டின் உரசலும் உச்சந்தலையில் ஒரே இடத்தில் விழுகின்றன.

பின்னல் எப்படிக் காக்கிறது

ஒரு லட்சம் முடி தனித்தனியாகப் பறந்தால், ஒரு லட்சமும் காற்றையும் வெயிலையும் வாங்குகிறது. மூன்று பிரியாகச் சேர்த்துப் பின்னிவிட்டால், வெளியில் தெரிகிற முடி மட்டும்தான் வாங்குகிறது. உள்ளே இருப்பது நிழலில் இருக்கிறது.

கயிறு திரிப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் இன்னொன்றும் உண்டு. ஒற்றை நார் சுண்டினால் அறுந்துவிடும். நூறு நார் சேர்ந்த பிரி இழுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும். சடை எங்காவது மாட்டினால், இழுப்பு ஓரிரண்டு முடிமேல் விழாமல் எல்லாவற்றுக்கும் பிரிந்துபோகிறது.

பின்னிய முடியில் சிக்கு விழுவது குறைவு. சிக்கு குறைந்தால் சீப்பு வேலை குறையும். முடி உடைவதில் பெரும்பங்கு சிக்கெடுக்கும்போதுதான் நடக்கிறது என்பதால் இந்த லாபம் சிறியதல்ல. இரவில் முடியை விரித்துப் போட்டுத் தூங்கினால், புரளும்போதெல்லாம் தலையணையில் உரசும். தளர்வாக ஒரு பின்னல் போட்டுக்கொண்டு படுத்தால் அந்தச் செலவும் மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் சடை போடச் சொல்வதற்குப் பேனும் ஒரு காரணம். பேன் பறக்காது, குதிக்காது. ஒரு தலை இன்னொரு தலையில் படும்போது ஊர்ந்து போகும். கட்டிய முடி அடுத்த பிள்ளையின் தலையில் படுவது குறைவு. இதையும் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்குத் தொங்கும் சடை உதவாது. அதன் நுனி உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும். பழைய நுனிதான் பலவீனமான நுனி. ஆகவே பின்னி, அதைச் சுருட்டிக் கொண்டையாக மேலே ஏற்றி, ஒரு துணியால் மூடிக்கட்டுவது நல்லது. கரையில் வயதான அம்மாக்கள் காலங்காலமாகக் கொண்டையோடு இருப்பது காரணமில்லாமல் இல்லை. சும்மாடு வைப்பவர்கள் கொண்டையைச் சும்மாட்டுக்கு அடியில் வராமல் பிடரியில் போட வேண்டும். சும்மாட்டுத் துணி பழைய மெல்லிய பருத்தியாக இருக்கட்டும்.

இறுக்கம் செய்யும் கெடுதல்

இனிச் செலவுப் பக்கம். காதோரம் நெற்றி ஏறுகிறதே என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

உப்பும் காற்றும் வெயிலும் தலை முழுவதும் படுகின்றன. அவற்றால் வரும் கெடுதல் நுனியில் தெரியும். காதோரத்தில் மட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வேரோடு முடி போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இழுப்பை. இரட்டைச் சடைக்கு நடுவகிடு எடுத்து, முன்முடியையெல்லாம் எண்ணெய் தடவிப் படிய வாரி, காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டுகிறோம். பிறகு சடையை மடித்து ரிப்பனால் மறுபடியும் மேலே கட்டுகிறோம். இழுப்பு முழுவதும் விழுவது காதோரத்து முடிமேல். அங்கே இருக்கும் முடி பிறவியிலேயே மெலிந்தது. காலை 7 மணிக்குப் போட்ட சடை மாலை வரை, வருடத்தில் 200 நாளுக்கு மேல், 5 வருடம், 7 வருடம் என்று இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த மயிர்க்கால் என்ன செய்யும்? முதலில் மெல்லிய முடியாகத் தரும். பிறகு தருவதையே நிறுத்திவிடும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1907இலேயே ட்ரெபிச் என்பவர், கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக்கி உச்சியில் முடிவதால் நெற்றியோரம் வழுக்கை விழுவதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கே உப்பங்கழியும் இல்லை, நம் வெயிலும் இல்லை. இறுக்கம் மட்டும் இருந்தது. சிறு வயதிலிருந்து கொண்டையை இறுக்கிக் கட்டும் சீக்கிய ஆண்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2007இல் வெளியான ஆய்வுகளில், பள்ளி மாணவிகளில் 100க்குச் சுமார் 17 பேருக்கும், வளர்ந்த பெண்களில் 100க்குச் சுமார் 32 பேருக்கும் இழுப்பால் வரும் இந்த முடியிழப்பு இருந்தது. அவர்கள் முடியின் அமைப்பு வேறு, பின்னும் முறை வேறு, முடியை நேராக்கும் ரசாயனமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த எண்ணிக்கையை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் வயது ஏற ஏற எண்ணிக்கை கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். இழுப்பு நின்றால்தான் இழப்பு நிற்கும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஆரம்பத்தில் கண்டுபிடித்துத் தளர்த்திவிட்டால் சில மாதங்களில் முடி திரும்ப முளைக்கும். பல வருடம் விட்டுவிட்டால் மயிர்க்கால் இருந்த இடம் தழும்பாகி மூடிவிடும். அதன் பிறகு எண்ணெய், மூலிகை, விளம்பரத்தில் வரும் சீரம் எதுவும் அங்கே முளைக்க வைக்காது. வங்கிப் பாஷையில் சொன்னால், நுனி உடைவது வட்டியில் வரும் நஷ்டம். வேர் போவது அசலிலேயே நஷ்டம். வட்டியைக் காக்கப் போய் அசலை இழக்கக் கூடாது.

வீட்டில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை. சடை போட்டதும் பிள்ளை "வலிக்குதும்மா" என்று சொல்வது. அவிழ்த்த பிறகும் தலைத்தோல் நோவது. காதோரத்திலும் பிடரியிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருவது. சடை போட்டால் கண்ணோரத் தோல் மேலே இழுபடுவது. முடி விலகிப்போன இடத்துக்கு முன்னால், நெற்றி விளிம்பில் மட்டும் பூனைமுடி வரிசையாக மிஞ்சி நிற்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே சடையைத் தளர்த்துங்கள். பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் "ஆடாம உக்காரு" என்று அதட்டாமல் கையை இளக்குங்கள். அந்த வலிதான் முதல் நோட்டீஸ்.

ஈரத்தோடு பின்னுவது

காலையில் தலைக்கு ஊற்றி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று சொட்டச் சொட்டப் பின்னி அனுப்புவது நம் வீடுகளில் வழக்கம். ஈர முடி சீக்கிரம் அறுந்துவிடும் என்று முன்பே சொன்னேன். அதை இறுக்கிப் பின்னினால் இழுபட்ட நிலையிலேயே நாள் முழுவதும் இருக்கிறது.

பழவேற்காட்டில் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடையும் பெண்கள், ஓலையை நனைத்துத்தான் முடைவார்கள். நனைந்தால் வளையும், காய்ந்தால் வளைந்தபடியே நிற்கும். முடியும் அப்படித்தான். அதனால்தான் ஈரச்சடையை அவிழ்த்தால் அலை அலையாக நிற்கிறது. கூடையை ஒரு தடவைதான் முடைகிறோம். முடியையோ தினமும் அதே இடத்தில் வளைத்து, தினமும் பிரித்துச் சீவுகிறோம்.

ஈரச்சடையின் உட்புறம் சாயங்காலம் வரைக்கும் காயாது. தலைத்தோலில் ஈரமும் புழுக்கமும் தங்கினால் பூஞ்சைக்கு வசதி. நீள முடியை ஈரத்தோடு கட்டிவைக்கும் பழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வெள்ளைப் பீட்ரா என்ற பூஞ்சை நம் நாட்டிலும் பதிவாகியிருக்கிறது. முடித்தண்டில் மணல் ஒட்டினாற்போல வெண்மையான சிறு கட்டிகள் தெரியும். மணல் என்றும் ஈரு என்றும் நினைத்து விட்டுவிட வேண்டாம். உதறினால் போகாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வழி சுலபமானது. தலைக்குக் குளிப்பதைச் சாயங்காலத்துக்கோ விடுமுறை நாளுக்கோ மாற்றுங்கள். காலையில்தான் முடியும் என்றால், துணியால் தட்டாமல் ஒற்றி ஈரத்தை எடுத்து, பின்னாமல் தளர்வாக ஒரு கட்டுப் போட்டு அனுப்புங்கள்.

சரியாகப் பின்னும் முறை

சிக்கை நுனியிலிருந்து எடுக்க ஆரம்பியுங்கள். நுனியில் நாலு விரல் நீளம் எடுத்த பிறகு அதற்கு மேலே நாலு விரல் என்று வேரை நோக்கிப் போக வேண்டும். சீப்பின் ஓட்டம் எப்போதும் கீழ்நோக்கி, செதில் படியும் பக்கமாகவே இருக்கட்டும். பல் அகலமான சீப்பு நல்லது. பேன் சீப்பைப் பேன் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னலின் முதல் இரண்டு முடிச்சைத் தளர்வாக விடுங்கள். வேருக்கும் பின்னலுக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். கீழே போகப் போகக் கொஞ்சம் இறுக்கினால் தவறில்லை. பழவேற்காட்டுக் காற்றுக்கு அவிழாமல் இருக்க அந்த இறுக்கம் போதும்.

பச்சை ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். எடுக்கும்போது நாலு முடியை அறுத்துக்கொண்டுதான் வரும். துணி ரிப்பனோ துணி சுற்றிய பேண்டோ போதும். கட்டும் இடத்தைத் தினமும் கொஞ்சம் மேலும் கீழும் மாற்றுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் அங்கேயே ஒடியும். வகிட்டையும் வாரம் ஒரு தடவை மாற்றுங்கள். சவுரி, குஞ்சலம், கனமான பூச்சடை எல்லாம் கல்யாணத்துக்கு ஒரு நாள் வைத்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் சடையை அவிழ்த்துவிடுங்கள். தலைத்தோலுக்கும் ஓய்வு வேண்டும். உப்புத் தண்ணீரில் இறங்கியவர்கள், கரையேறியதும் ஒரு சொம்பு நல்ல தண்ணீராவது தலையில் ஊற்றி உப்பைப் போக்கிவிட்டு, நிழலில் காயவைத்து, பிறகு சீவுங்கள்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2003இல் ரெலே, மொஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியைக் கழுவும்போது கரைந்து போகும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடித்தண்டுக்குள் ஊறுவதால் தண்ணீர் அதிகமாகப் புகுந்து முடி ஊதுவது குறைகிறது. அவர்கள் இருவரும் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா? எண்ணெயைக் குளிப்பதற்கு முன்னால், முக்கியமாக நுனியில் தடவுங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கும் முன் தடவினாலும் நல்லது.

மீன் வாடை போக வேண்டும் என்று துணி சோப்பைத் தலைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சோப்பின் காரம் செதிலைத் தூக்கிவிடும். குப்பத்து போர் தண்ணீரின் உப்பில் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகப் படியவும் செய்யும். அதற்குச் சீயக்காயோ சாதாரண ஷாம்பு பாக்கெட்டோ எவ்வளவோ மேல்.

வந்த கேள்விகள் சில

"சீவினா கொத்துக் கொத்தா வருது. உதிருதா, உடையுதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சாதாரணம். தினமும் பின்னிப் போடுகிறவர்களுக்கு உதிர்ந்த முடியும் சடைக்குள்ளேயே தங்கி, அவிழ்க்கும்போது மொத்தமாக வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் உடைகிறது என்று பொருள்.

"வேரோடதான் நிறைய உதிருது. தலை முழுக்க மெலியுது." அப்படியானால் அது பின்னல் சம்பந்தப்பட்டதாக இருக்காது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பிரசவம், பெரிய காய்ச்சல் இவற்றாலும் முடி கொட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்கு முடி முழுவதும் செம்பட்டையாக, மெலிந்து போனால் சத்துக்குறைவாகவும் இருக்கலாம். எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"பேசாம வெட்டிவிட்டுடலாமா?" வெட்டினால் குற்றம் ஒன்றும் இல்லை. தோள்பட்டை வரை உள்ள முடிக்கு வயது 2 வருடம்தான், பராமரிப்பும் குறைவு. பின்ன நேரமில்லாத வீட்டில், தினமும் அவசரமாக இறுக்கிப் பின்னுவதைவிட அளவாக வெட்டிவிடுவது வேருக்கு நல்லது. ஆனால் வெட்டினால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பது உண்மையில்லை. வெட்டு படுவது நுனியில், முளைப்பது வேரில். எதைச் செய்தாலும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"ஸ்கூல்ல இறுக்கிக் கட்டலேன்னா திட்டறாங்களே?" ஆசிரியர்கள் கேட்பது முடி முகத்தில் விழாமல் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதைத்தான். தளர்வாகப் பின்னினாலும் ஒழுங்காகப் பின்ன முடியும். பிள்ளைக்குக் காதோரம் முடி விலகியிருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் காட்டுங்கள். அவர்களும் தாய்மார்தானே, புரிந்துகொள்வார்கள். நெற்றியோரம் முடி விலகும் மாணவிகளுக்கு மடித்துக் கட்டாத ஒற்றைச் சடையை அனுமதிக்கும்படி நம் பகுதிப் பள்ளிகளுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். குப்பத்துப் பள்ளிகளுக்குச் சுயஉதவிக் குழுவினர் மூலமாகவே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம்.

இன்று ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெண் குழந்தையை விளக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, இரண்டு காதோரமும் நெற்றி விளிம்பும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். போன வருடப் பள்ளி குரூப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. செலவு ஒன்றும் இல்லை.